ஆபரேஷன் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் வென்டிலேட்டர்?

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்த வீட்டுக்காரர்களோடு ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். டாக்டர் வெளியே வந்து, "கட்டியை எடுத்தாச்சு, நல்லபடியா முடிஞ்சுது" என்கிறார். எல்லோருக்கும் உயிர் திரும்புகிறது, யாரோ ஒருவர் அங்கேயே நின்று ஊருக்குப் போன் போடுகிறார். போகிற போக்கில் டாக்டர் இன்னொன்றும் சொல்கிறார்: "இன்னைக்கு ராத்திரி வென்டிலேட்டர்லயே வச்சிருப்போம், காலையில பார்க்கலாம்." அவ்வளவுதான், போனில் பேசிக்கொண்டிருந்தவருக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை.

"மெஷின்ல போட்டுட்டாங்க" என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கொரோனாவுக்குப் பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் மூளை ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற வென்டிலேட்டர் வேறு கதை. ஒருவருக்கு அது வெறும் ஒரு ராத்திரி சமாச்சாரம், இன்னொருவருக்கு உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறி. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, அதற்கும் நோயாளி எத்தனை காலம் பிழைத்திருப்பார் என்பதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வென்டிலேட்டரைப் "போட்டுவிட்டார்கள்" என்பதே பல நேரம் சரியில்லை, "இன்னும் எடுக்கவில்லை" என்பதுதான் சரி. மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கும் ஆபரேஷன்களில் பெரும்பாலானவை முழு மயக்கத்தில்தான் நடக்கின்றன. தலையை மூன்று ஊசி வைத்த ஒரு கவ்வியில் அசையாமல் இறுக்கியிருப்பார்கள், அந்த நிலையில் நோயாளி ஒருமுறை இருமினால்கூட ஆபத்து என்பதால் தசைகளைத் தளர வைக்கும் மருந்தும் கொடுப்பார்கள். மார்புத் தசையும் உதரவிதானமும் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டவைதானே, அவையும் நின்றுவிடும். அதனால் ஆபரேஷன் நடக்கும் நாலு மணி நேரமோ எட்டு மணி நேரமோ, அவர் மெஷின் கொடுக்கும் மூச்சில்தான் இருக்கிறார். வெளியே காத்திருக்கும் யாரும் அப்போது அதை நினைத்துப் பயப்படுவதில்லை, ஏனென்றால் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஏன் எடுக்கவில்லை என்பது.

அதற்கு முன்னால் மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் மூச்சு விடும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, நெஞ்சுக்கூடு விரிகிறது, உள்ளே காற்று இழுபடுகிறது. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. வாய் வழியாக மூச்சுக்குழாய் வரைக்கும் ஒரு டியூபை இறக்கி, அதன் வழியே காற்றை உள்ளே தள்ளுகிறது. இந்தத் தள்ளும் முறை மருத்துவமனை வார்டுக்குள் பெரிய அளவில் நுழைந்தது 1952-ல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில். அந்த வருடம் அங்கே போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தார்கள். அதுவரை இருந்த கருவி 'இரும்பு நுரையீரல்', அதாவது ஆளையே உள்ளே படுக்க வைக்கும் ஒரு பெரிய உருளை. அதுவும் அங்கே போதுமான அளவில் இல்லை, இருந்ததும் பலரைக் காப்பாற்றவில்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டரில் தான் தினமும் செய்வதையே வார்டில் செய்து பார்த்தார். 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளை போட்டு, டியூப் வைத்து, கையால் ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அப்புறம் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்த இறப்பு 40 சதவீத அளவுக்கு இறங்கியது. இன்றைய ஐசியு என்பதே அங்கிருந்து பிறந்ததுதான். வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியது 1949-ல், மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கியது 1950-ல். இரண்டுமே கோபன்ஹேகனுக்கு முன்னால். இன்று நாம் பார்க்கிற மாதிரி ஐசியுவும் வென்டிலேட்டரும் இல்லாமல் அவர்கள் மண்டையைத் திறந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான்.

சரி, மூளைக்கு வருவோம். கால் எலும்பு ஆபரேஷனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மண்டை ஓடு ஒரு மூடிய டப்பா. அதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் மூளை, 10 சதவீதம் ரத்தம், மீதி 10 சதவீதம் மூளைத் தண்டுவடத் திரவம். டப்பா விரியாது, எனவே இந்த மூன்றில் ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும். குறைய இடமில்லை என்றால் உள்ளே அழுத்தம் ஏறும். இதை ஸ்காட்லாந்துக்காரர்களான அலெக்சாண்டர் மன்ரோ 1783-லும் ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொல்லிவிட்டார்கள். கட்டி இருந்தவருக்கு ஏற்கெனவே இடப் பற்றாக்குறை. கட்டியை எடுத்த பிறகு இடம் கிடைத்துவிடும் என்று நினைப்போம், ஆனால் சுற்றியிருக்கும் மூளை, கை பட்டதாலேயே இரண்டு மூன்று நாள் வீங்கும், சில பேருக்கு நன்றாகவே வீங்கும்.

இதில் மூச்சு எங்கே வருகிறது என்றால், கரியமில வாயு வழியாக. ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் சாதாரணமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம். நாம் சரியாக மூச்சு விடாவிட்டால் அது வெளியேறாமல் தேங்கும். தேங்கினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். ஒவ்வொரு 1 மி.மீ. ஏற்றத்துக்கும் மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 3 முதல் 4 சதவீதம் கூடும் என்பது கணக்கு. அதாவது மயக்கம் முழுதாகத் தெளியாமல் ஒருவர் அரைகுறையாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்து, 40 இருந்தது 50 ஆகிவிட்டால், அந்த மூடிய டப்பாவுக்குள் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக ரத்தம் பாய்கிறது. கால் ஆபரேஷன் ஆனவருக்கு இதே 50 வந்தால் கொஞ்சம் தூக்கக் கலக்கம், கொஞ்சம் தலைவலி, அதோடு போய்விடும். வீங்கிய மூளைக்காரருக்கு அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் நினைவு மங்கும், நினைவு மங்கினால் மூச்சு இன்னும் குறையும், மூச்சு குறைந்தால் கரியமில வாயு இன்னும் ஏறும். செக்கு மாதிரி இது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இறுகும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர் நூறு வருடங்களுக்கு முன்பே கவனித்துச் சொன்ன மூன்று அறிகுறிகள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன: ரத்த அழுத்தம் ஏறும், நாடித்துடிப்பு குறையும், மூச்சு தாறுமாறாகும். மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு என்று பொருள்.

அதனால்தான் சில நேரம் டாக்டர் வேண்டுமென்றே மெஷினை எடுக்காமல் விடுகிறார். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கரியமில வாயுவைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், மூளைக்கு ஓய்வு வேண்டும், வீக்கம் எப்படிப் போகிறது என்று மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இது திட்டமிட்ட ஒரு ராத்திரி. இதைக் கேட்டு அழ வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இயன்றால் ஆபரேஷன் டேபிளிலேயே எழுப்பி, டியூபை எடுத்துவிடத்தான் பெரும்பாலான மூளை அறுவைக் குழுக்கள் விரும்புகின்றன. காரணம் எளிமையானது. விழித்திருக்கும் நோயாளிதான் மூளைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மானிட்டர். "கையைத் தூக்குங்க, என் விரலைப் பிடிங்க, பேரு என்ன" என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால், உள்ளே ரத்தம் கசியத் தொடங்கிய உடனே தெரிந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகான ரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள்தான் தன்னைக் காட்டுகிறது. தூக்க மருந்து கொடுத்து மெஷினில் படுக்க வைத்தவரிடம் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, கண் பாப்பாவில் டார்ச் அடித்துப் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது என்று சுற்றித்தான் போக வேண்டும்.

கட்டி எங்கே இருந்தது என்பது இதில் பாதிக் கதை. நெற்றிக்குப் பின்னால், மூளைக்கு வெளியே உறையில் முளைத்த மெனிஞ்சியோமா என்றால் மறுநாள் காலை அவர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து காபி கேட்கலாம். அதே அளவுக் கட்டி பின்மண்டையில், சிறுமூளைக்கும் முகுளத்துக்கும் நடுவில் இருந்திருந்தால் விஷயம் வேறு. பள்ளியில் படித்தது நினைவிருக்கும், மூச்சை இயக்கும் மையம் முகுளத்தில் இருக்கிறது. அதைவிடவும் அடிக்கடி தொல்லை தருவது பக்கத்தில் ஓடும் நரம்புகள். விழுங்குவது, இருமுவது, குரல் நாணை மூடுவது எல்லாம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகளின் வேலை. இவற்றில் ஒன்று தற்காலிகமாகச் சோர்ந்தாலும், நோயாளி நன்றாக மூச்சுவிடுவார், கண் திறந்து பார்ப்பார், ஆனால் தன் எச்சிலையே விழுங்க முடியாது. அந்த எச்சில் நேராக நுரையீரலுக்குப் போகும். இப்படிப்பட்டவரிடம் டியூபை அவசரப்பட்டு எடுத்தால் மூன்றாம் நாள் நிமோனியாவோடு திரும்பி வருவார்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியை மூக்கு வழியாகப் போய் எடுப்பார்கள், அதில் வேறொரு சங்கடம். மற்ற நோயாளிகளுக்கு டியூபை எடுத்த பிறகு மூச்சு சற்றுத் திணறினால் முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டி அழுத்தத்தோடு காற்று கொடுத்துச் சமாளிப்பார்கள். இவர்களிடம் அதைச் செய்யத் தயங்குவார்கள். மூக்குக்கு மேலே மண்டையின் அடித்தளத்தில் துளை போட்டு அடைத்திருக்கிறார்களே, அழுத்தமான காற்று அந்த வழியாக மண்டைக்குள்ளேயே ஏறிவிடலாம்.

எதிர்பாராமல் மெஷினில் தங்குகிறவர்கள் இன்னொரு வகை. அவர் ஆபரேஷனுக்கு முன்பே நினைவு மங்கித்தான் வந்திருப்பார், அல்லது உள்ளே ரத்தம் கசிந்திருக்கும், அல்லது ஒரு ரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்திருக்கும், வலிப்பு விடாமல் வந்திருக்கும், சோடியம் இறங்கியிருக்கும். மூளைக் கட்டி உள்ளவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயமும் மற்றவர்களைவிடக் கூடுதல். இதில் எது காரணம் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் இவற்றில் சிலவற்றை அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

இப்போது எல்லோரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்காத கேள்வி. மெஷினில் இருந்தால் பிழைப்பார்களா?

ஆய்வுகள் இதைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு கோடு போட்டுக்கொள்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு 48 மணி நேரத்துக்கு மேல் மெஷின் தேவைப்பட்டால் அது 'நீண்ட' சுவாச உதவி என்று பலரும் கணக்கு வைக்கிறார்கள். வேறு சூழல்களில் இந்தக் கோடு 7 நாளாகவும் இருக்கும், ஒரு பழைய ஒருமித்த வரையறையில் 21 நாளாகவும் இருக்கும், அதனால் ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடும்போது கவனமாக இருக்க வேண்டும். எந்தக் கோடாக இருந்தாலும் பார்த்தது ஒன்றுதான்: கோட்டைத் தாண்டியவர்கள், தாண்டாதவர்களைவிடக் குறைந்த காலமே உயிரோடு இருக்கிறார்கள். மூளையிலேயே தோன்றும் புற்றுநோயிலும் அப்படி, வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோயிலும் அப்படி.

இதைப் படித்துவிட்டு, மெஷின்தான் கொல்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 108 ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் இறப்பவர்கள், ஆட்டோவில் வருகிறவர்களில் இறப்பவர்களைவிட அதிகம்தான் இருப்பார்கள். அதற்காக ஆம்புலன்ஸ் ஆபத்து, ஆட்டோவில் போ என்று யாராவது சொல்வோமா? மோசமான நிலையில் இருப்பவர்தான் ஆம்புலன்ஸில் வருகிறார். அதே மாதிரி வயதானவர், கட்டி பெரிதாக இருந்தவர், ஏற்கெனவே நுரையீரல் கெட்டுப்போனவர், அவசரமாக ராத்திரியில் ஆபரேஷன் செய்யப்பட்டவர், இவர்களுக்குத்தான் 48 மணி நேரத்துக்குப் பிறகும் மெஷின் தேவைப்படுகிறது. மெஷின் இங்கே பெரும்பாலும் ஒரு கைகாட்டி.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். முழுக்க அப்பாவி என்றும் அதைச் சொல்லிவிட முடியாது. 2008-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் உதரவிதானத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது. மெஷினில் 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே இருந்தவர்கள் அவர்கள். அதற்குள் அந்தத் தசை நார்கள் பாதிக்கும் மேல் மெலிந்துபோயிருந்தன. மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை. வேலை இல்லாத தசை அவ்வளவு வேகமாகக் கரைகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் முடிந்தவரை சீக்கிரமே, நோயாளி தானாக மூச்சைத் தொடங்கட்டும், மெஷின் பின்னாலிருந்து தள்ளிவிடட்டும் என்ற முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். இது போக டியூப் இருக்கும் தொண்டையில் கிருமி சேரும், 48 மணி நேரத்துக்குப் பிறகு வென்டிலேட்டர் நிமோனியா என்ற பேச்சு வந்துவிடும். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேறு கொடுத்திருப்பார்கள், அது தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும், தசையையும் மெலிய வைக்கும், சர்க்கரையையும் ஏற்றும்.

மூளைப் புற்றுநோயில் இதற்கு ஒரு தனி விலை இருக்கிறது, அதை யாரும் சரியாக விளக்கிச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. கிளையோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகக் கொடியது. கத்தி வைத்து எடுத்ததோடு அதில் எதுவும் முடிவதில்லை. சில வாரங்களில் கதிர்வீச்சு தொடங்க வேண்டும், 6 வாரம், 30 தடவை, கூடவே டெமோசோலமைடு மாத்திரை. இந்த மாத்திரையைச் சேர்ப்பதால் என்ன பயன் என்று 573 பேரிடம் செய்து பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம். கதிர்வீச்சு மட்டும் கிடைத்தவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்தைத் தாண்டினார்கள், மாத்திரையும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 14.6 மாதத்தைத் தாண்டினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். ஆகக் கிடைக்கும் லாபம் நடுக்கணக்கில் இரண்டரை மாதம். இப்படி நாளை எண்ணி வாழ வேண்டிய நோயில் ஒருவர் மூன்று வாரம் ஐசியுவில் மெஷினோடு படுத்துக் கிடந்தால், அந்த மூன்று வாரம் மட்டும் போவதில்லை. வெளியே வரும்போது எழுந்து உட்கார முடியாது, படுக்கைப்புண் இருக்கும், நெஞ்சில் சளி இருக்கும்.

புற்றுநோய் மருத்துவர்கள் கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் என்று 0 முதல் 100 வரை ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாது, ஆனால் குளிப்பது, சாப்பிடுவது, உடுத்துவது எல்லாம் தானே செய்துகொள்வார் என்றால் 70. இந்த 70-க்குக் கீழே போனால் முழு அளவுக் கதிர்வீச்சையும் மாத்திரையையும் உடம்பு தாங்குமா என்று தயங்குவார்கள், சுருக்கமான சிகிச்சை தருவார்கள், சிலருக்கு எதுவுமே தர முடியாமல் போகும். வென்டிலேட்டர் நாள்களுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பில் ஒரு பகுதி இப்படி மறைமுகமாக, கிடைக்காமல் போன சிகிச்சையின் வழியாக வருகிறது. சாதாரண மெனிஞ்சியோமாவில் இந்தக் கணக்கு கிடையாது. அது பெரும்பாலும் புற்று அல்லாத கட்டி, நோயாளி பத்து நாள் மெஷினில் இருந்து, இரண்டு மாதம் பிசியோதெரபி எடுத்து, பழையபடி மார்க்கெட்டுக்குப் போய்வர முடியும். ஆகவே "வென்டிலேட்டரில் இருந்தால் பிழைப்பாரா" என்ற கேள்விக்குப் பதில், என்ன கட்டி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கிடையாது. பயாப்சி ரிப்போர்ட் வரும்வரை பக்கத்துப் படுக்கைக்காரரின் கதையோடு ஒப்பிட்டுக் குழம்பாமல் இருப்பது நல்லது.

டியூபை எப்போது எடுப்பது என்பது ஐசியுவில் தினமும் நடக்கும் பஞ்சாயத்து. காலையில் தூக்க மருந்தைக் குறைத்து, மெஷினின் உதவியையும் மிகக் குறைவாக்கி, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை விட்டுப் பார்ப்பார்கள். மூச்சு வேகமாகி மேல்மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, வியர்க்கிறதா என்று கவனிப்பார்கள். நுரையீரல் நோயாளி என்றால் இதில் பாஸானாலே பாதிக் கிணறு தாண்டியது போல. மூளை நோயாளிக்கு இது போதாது. கண்ணால் பின்தொடர்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, உறிஞ்சு குழாயை உள்ளே விட்டால் பலமாக இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதைக் காட்டும் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்ற 3 முதல் 15 வரையிலான அளவு 1974-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, அதில் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் டியூப் போடு என்பது மருத்துவக் கல்லூரியில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது. போடுவதற்கு அது நல்ல விதி. எடுப்பதற்கும் அதையே பிடித்துக்கொண்டு, 'இன்னும் கொஞ்சம் விழிக்கட்டும்' என்று நாளைக் கடத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தபோது, மற்றபடி தயாராக இருந்தும் தாமதித்தவர்களுக்குத்தான் நிமோனியா அதிகம் வந்தது, ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் கூடியது. அவசரப்பட்டாலும் தப்பு. மூளை நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு டியூபை எடுத்த சில நாளில் மறுபடி போட வேண்டி வருகிறது. அப்படி ஆனால் டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம், யாருக்குமே திரும்பப் போட நேராத ஐசியு என்றால் அங்கே எல்லோரையும் தேவைக்கு மேல் மெஷினில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

எடுப்பதே ஒரு நிமிட வேலைதான். தலைமாட்டை உயர்த்துகிறார்கள், வாயிலும் டியூபிலும் இருக்கும் சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள். டியூபின் நுனியில், மூச்சுக்குழாய்க்குள், ஊதி வைத்த சின்ன பலூன் ஒன்று இருக்கும். அதன் காற்றை ஒரு சிரிஞ்சால் இழுக்கிறார்கள். கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிரித்து, "நல்லா இருமுங்க" என்கிறார் சிஸ்டர். இருமலோடு சேர்ந்து டியூப் வெளியே வந்துவிடுகிறது. உடனே ஆக்ஸிஜன் மாஸ்க். அதுவரை கையைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்து வீட்டார் பதறியிருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் டியூபைத் தானே இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது, பலூன் ஊதியபடியே இழுத்தால் குரல் நாண் கிழியலாம்.

பத்து நாளாகியும் எடுக்க முடியவில்லை என்றால் டிரக்கியாஸ்டமி என்பார்கள், "தொண்டையில ஓட்டை போடணும்". இந்த வார்த்தையில் வீட்டார் உடைந்துபோய்க் கையெழுத்துப் போட மறுப்பது நிறைய நடக்கிறது. உண்மையில் இது பெரும்பாலும் நோயாளிக்குச் சௌகரியம். வாயில் டியூப் இல்லாததால் தூக்க மருந்து குறையும், வாயைச் சுத்தம் செய்யலாம், நாற்காலியில் உட்கார வைக்கலாம், சளியை எளிதாக எடுக்கலாம், மெஷினைச் சிறிது சிறிதாகக் கழற்றலாம். விழுங்கும் திறன் திரும்பியதும் டியூபை எடுத்துவிட்டால் பலருக்கு அந்தத் துளை சில நாளில் தானாகவே மூடிக்கொள்ளும், கழுத்தில் ஒரு தழும்பு மிஞ்சும். ஆனால் இது கட்டியைக் குணப்படுத்தும் வைத்தியம் அல்ல, காத்திருப்பதற்கு ஒரு நல்ல வழி. காத்திருந்தால் எது திரும்பும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பார்வை நேரத்தில் டாக்டர் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "எப்படி இருக்காரு" என்று கேட்டால் "அப்படியேதான் இருக்காரு" என்ற பதில்தான் வரும். அதைவிட, "மூச்சை அவர் எடுக்கிறாரா, மெஷின் எடுக்கிறதா?" என்று கேளுங்கள். மெஷின் வைத்திருப்பது நுரையீரலுக்காகவா, மூளைக்காகவா, தொண்டைக்காகவா என்று கேளுங்கள். தூக்க மருந்து ஓடுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் அது ஓடும்போது கண் திறக்கவில்லை என்று நாம் அழுவதில் பொருளில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்லிச் சண்டை வருவதும் குறையும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருப்பதும் மூளைச்சாவும் ஒன்றல்ல. மூளைச்சாவு என்று அறிவிக்க நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். மெஷினைத் தற்காலிகமாக விலக்கி, கரியமில வாயு ஏறவிட்டு, அப்போதும் ஒரு மூச்சுகூட எழவில்லையா என்று பார்ப்பது அந்தச் சோதனையில் ஒரு பகுதி. தானாக ஒரு மூச்சு எடுத்தாலே அது மூளைச்சாவு இல்லை. மறுபக்கத்தில், கட்டி மிக மோசமானது, மூளை திரும்பும் வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் மெஷினைத் தொடர வேண்டுமா என்பது வேறு கேள்வி. இதற்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் வழிமுறை சொல்லியிருக்கிறது, 2023-ல் அதை எளிதாக்கியும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே, நினைவோடு இருக்கும்போதே, "இப்படி ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும்" என்று அவரிடமே கேட்டு வைப்பது நம் வீடுகளில் அபசகுனம். அப்படிக் கேட்காமல் போய், பிறகு மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக ஊகித்துக்கொண்டு நிற்பது அதைவிடக் கொடுமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நல்லபடியாகப் போகிறவருக்கு வருவோம், அவர்கள்தான் அதிகம். டியூப் வெளியே வந்த பிறகு முதலில் கேட்கும் குரல் கரகரத்து, பாதிக் காற்றாக இருக்கும், அது சில நாளில் சரியாகும். பெரும்பாலும் அந்தக் குரல் கேட்பது "தண்ணி". சிஸ்டர் கொடுக்க மாட்டார், நனைத்த பஞ்சால் உதட்டை மட்டும் துடைப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஈவிரக்கமில்லாத செயலாகத் தெரியும். ஆனால் டியூபால் மரத்துப்போன தொண்டைக்கு, அதுவும் மூளையைத் தொட்டு வந்தவருக்கு, நீர் போல ஓடுவதுதான் விழுங்கக் கடினமானது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி நுரையீரலுக்குப் போய்விட்டால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். எனவே நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, ஒரே ஒரு சின்ன ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, "ஆ... சொல்லுங்க" என்று குரலைக் கேட்பார்கள். இருமல் வரவில்லை, குரலில் ஈரச் சத்தம் இல்லை என்றால் இரண்டாவது ஸ்பூன்.